ராணிப்பேட்டையில் பிறந்த டாக்டர் அம்மா

ராணிப்பேட்டை என்ற பெயருக்கு ஒரு கதை சொல்வார்கள். செஞ்சியை ஆண்ட ராஜா தேசிங்கு போரில் மாண்டான். அவனுடைய இளம் மனைவி உடன்கட்டை ஏறினாள். தேசிங்கோடு போரிட்ட ஆற்காட்டு நவாபே அந்தப் பெண்ணின் நினைவாகப் பாலாற்றங்கரையில் ஒரு பேட்டையை உண்டாக்கினார். அதற்கு ராணியின் பெயர் நிலைத்துவிட்டது.

சிறு வயதில் மாண்ட ஒரு பெண்ணின் பெயரைத் தாங்கிய அந்த ஊரில், 1870-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 9-ந் தேதி ஒரு பெண் குழந்தை பிறந்தது. அமெரிக்கப் பாதிரியார் வீட்டுக் குழந்தை. ஐந்து அண்ணன்மாருக்குப் பிறகு பிறந்த ஒரே தங்கை. பெயர் ஐடா சோபியா ஸ்கடர்.

இன்று வேலூர் ஆஸ்பத்திரி என்றால் வங்காளத்தில் இருப்பவருக்கும் தெரியும். அசாமில் இருப்பவருக்கும் தெரியும். சி.எம்.சி. என்ற மூன்று எழுத்தைச் சொன்னாலே போதும். அந்த ஆஸ்பத்திரியைத் தோற்றுவித்தவர் இந்த ஐடா அம்மையார்தான். அது இருதயத்துக்காகவோ மூளைக்காகவோ தொடங்கப்பட்டது அல்ல. பிரசவ வலியில் துடித்த மூன்று பெண்களுக்காகத் தொடங்கப்பட்டது. அந்த மூன்று பெண்களும் பிழைக்கவில்லை.

ஸ்கடர் குடும்பம்

ஐடாவின் தாத்தா ஜான் ஸ்கடர், நியூயார்க்கில் நல்ல வரும்படியோடு இருந்த டாக்டர். எல்லாவற்றையும் விட்டுவிட்டு 1819-ம் ஆண்டில் கப்பலேறி, இலங்கையில் யாழ்ப்பாணத்துக்கு வந்து சேர்ந்தார். அமெரிக்காவிலிருந்து மதப் பணிக்காக வெளிநாடு சென்ற முதல் டாக்டர் அவர் என்பார்கள். பிறகு சென்னைக்கு வந்தார். அவருடைய ஏழு மகன்களும் இந்தியாவிலேயே தொண்டு செய்தார்கள். அவர்களில் ஒருவரான சைலஸ் ஸ்கடர் 1866-ல் ராணிப்பேட்டையில் தொடங்கிய ஆஸ்பத்திரி ஸ்கடர் ஆஸ்பத்திரி என்ற பெயரில் நிலைத்தது. இன்னொரு மகன் ஜான். அவரும் டாக்டர். அவருடைய மகள்தான் ஐடா.

ஐடா குழந்தையாக இருந்தபோது தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை உலுக்கி எடுத்த பஞ்சம் அது. ஆற்காட்டுச் சீமையில் ஜனங்கள் வழியிலேயே விழுந்து செத்தார்கள். எலும்பும் தோலுமாக உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு ரொட்டியைப் பிட்டு வாயில் ஊட்டும் வேலை சிறுமி ஐடாவுக்கும் வந்தது. கையில் கொடுத்தால் தூக்கிச் சாப்பிடக்கூட அந்தப் பிள்ளைகளுக்குத் தெம்பு இல்லை.

இதை எல்லாம் பார்த்த குழந்தைக்கு இந்தியா என்றாலே பயம் வந்ததில் ஆச்சரியம் இல்லை. பஞ்சத்துக்குப் பிறகு குடும்பம் அமெரிக்காவுக்குத் திரும்பியது. சில வருஷங்களில் தகப்பனார் மறுபடி இந்தியாவுக்குப் புறப்பட்டார். அவருக்குப் பின்னால் தாயாரும் புறப்பட்டார். மகளைப் படிப்புக்காக உறவினர் வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். தாய் போன அன்று இரவு முழுவதும் அந்தப் பெண் அழுதது. நம் குடும்பத்துக்கு இந்தியாவே கதி என்று ஆகிவிட்டது; நான் மட்டும் அந்த நாட்டுப் பக்கம் போக மாட்டேன் என்று மனத்துக்குள் முடிவு செய்துகொண்டது.

ஐடா வளர்ந்தார். நார்த்பீல்டு என்ற ஊரில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் படித்தார். அழகும் துடுக்கும் உள்ள பெண். படித்து முடித்து, நல்ல இடத்தில் கல்யாணம் செய்துகொண்டு சுகமாக வாழ வேண்டும் என்பதே அவருடைய ஆசை. அதில் தப்பும் இல்லை. 1890-ம் ஆண்டில் திண்டிவனத்திலிருந்து தந்தி வந்தது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, உடனே வா என்று. கொஞ்ச நாள் இருந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று புறப்பட்டார்.

அந்தக் காலத்துப் பிரசவம்

திண்டிவனத்தில் நடந்ததைச் சொல்வதற்கு முன், அந்தக் காலத்தில் நம் ஊர்களில் பிரசவம் எப்படி நடந்தது என்பதைச் சொல்ல வேண்டும்.

பெண்ணுக்கு இடுப்புவலி கண்டால் மருத்துவச்சியைக் கூப்பிடுவார்கள். பெரும்பாலும் முடிதிருத்தும் குடும்பத்தைச் சேர்ந்த பெண் அவர். ஊருக்கு ஒருவர் அல்லது இருவர் இருப்பார்கள். தாயிடமிருந்து மகளுக்கும், மாமியாரிடமிருந்து மருமகளுக்கும் அந்தத் தொழில் வரும். யாரைக் கூப்பிடுவது என்று வீட்டில் யோசனையே கிடையாது. இந்த வீட்டுக்கு இந்த மருத்துவச்சி என்று தலைமுறை தலைமுறையாக ஏற்பட்டிருக்கும். கூலி சில படி அரிசி, ஒரு பழைய புடவை, வெற்றிலை பாக்கு. ஆண் குழந்தையானால் கொஞ்சம் கூடக் கிடைக்கும்.

அந்த மருத்துவச்சிகளைக் குறை சொல்வது சுலபம். பலரும் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் சிக்கல் இல்லாத பிரசவத்தை அவர்கள் திறமையாகவே பார்த்தார்கள். வயிற்றைத் தடவிப் பார்த்தே குழந்தையின் தலை எங்கே இருக்கிறது என்று சொல்லக் கூடியவர்கள் இருந்தார்கள். நடுராத்திரியானாலும் மழையானாலும் வந்தார்கள். வலியில் கதறும் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து கைபிடித்துத் தைரியம் சொன்னார்கள். நம் பாட்டிகளையும் கொள்ளுப்பாட்டிகளையும் பூமிக்குக் கொண்டுவந்த கைகள் அவர்களுடையவை. பிரசவ வீடு தீட்டு என்று மற்றவர்கள் ஒதுங்கி நின்றபோது உள்ளே போனவர்கள் அவர்கள்தான்.

சிக்கல் வந்தபோதுதான் ஆபத்து. குழந்தை குறுக்கே கிடந்தால் அவர்களிடம் வழி இல்லை. தாயின் இடுப்பெலும்பு சிறுத்திருந்து தலை இறங்காவிட்டால் வழி இல்லை. நஞ்சுக்கொடி விழாமல் ரத்தம் கொட்டினால் வழி இல்லை. அதோடு இன்னொரு எதிரி இருந்தது. அது கண்ணுக்குத் தெரியாதது. தொப்புள்கொடியை அரிவாளாலோ மூங்கில் சீவலாலோ அறுத்து, சாம்பலோ சாணமோ வைப்பது சில இடங்களில் வழக்கம். அந்த வழியாக ரண ஜன்னிக் கிருமி உள்ளே புகுந்துவிடும். நன்றாகப் பிறந்த குழந்தை ஒரு வாரம் பத்து நாளில் வாய் கட்டி, பால் குடிக்க முடியாமல், உடம்பு விறைத்துச் செத்துப்போகும். பேய் அடித்தது, தோஷம் என்று சொல்வார்கள். கழுவாத கையால் தாய்க்குப் பிரசவ ஜன்னி வரும்.

இது நம் நாட்டு மருத்துவச்சியின் குற்றம் மட்டும் அல்ல. ஐரோப்பாவில் வியன்னா நகரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே டாக்டர்கள் பிரசவம் பார்த்த வார்டில் தாய்மார்கள் ஜன்னி கண்டு கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். மருத்துவச்சிகள் பார்த்த வார்டில் சாவு மிகக் குறைவு! டாக்டர்கள் பிணத்தை அறுத்துவிட்டு அதே கையோடு வந்து பிரசவம் பார்த்ததே காரணம் என்று செம்மல்வைஸ் என்ற டாக்டர் 1847-ல் கண்டுபிடித்தார். குளோரின் கலந்த தண்ணீரில் கை கழுவச் செய்தார். சாவு மளமளவென்று குறைந்தது. அவரைச் சக டாக்டர்களே ஏளனம் செய்தார்கள். மேல்நாட்டு டாக்டர்களே ஏற்க மறுத்த விஷயம், ஆற்காட்டுக் கிராமத்தில் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண்ணுக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

இன்னொன்றும் உண்டு. பெண்களுக்குப் பத்து, பன்னிரண்டு வயதில் கல்யாணம் நடந்தது. பதினாலு வயதில் தலைச்சன் பிரசவம். இடுப்பெலும்பு முழுவதும் வளர்வதற்கு முன்னே குழந்தை வந்துவிடும். பெண்களின் சம்மத வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்திச் சர்க்கார் சட்டம் செய்ததே 1891-ல்தான். அதற்கே நாடெங்கும் பெரிய கூச்சல் எழுந்தது.

கதவு தட்டப்பட்ட இரவு

திண்டிவனத்தில் ஒரு நாள் இரவு. ஐடா பங்களாவில் உட்கார்ந்திருந்தார். கதவு தட்டும் சத்தம் கேட்டது.

வாசலில் ஒரு பிராமண வாலிபர் நின்றார். அவருடைய மனைவி சின்னஞ்சிறு பெண். பிரசவ வலி கண்டு குழந்தை பிறக்காமல் துடிக்கிறாள். மருத்துவச்சி கைவிட்டுவிட்டாள். அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் அம்மாள் வந்து காப்பாற்ற வேண்டும் என்று கேட்டார். தனக்கு வைத்தியம் தெரியாது, தன் தகப்பனார்தான் டாக்டர், அவரைக் கூட்டிப் போங்கள் என்றார் ஐடா. வாலிபரின் முகம் மாறியது. அந்நிய ஆண் ஒருவர் தன் வீட்டுப் பெண்ணைத் தொடுவது நடக்காது. அதைவிட அவள் சாவதே மேல் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஐடா தகப்பனாரிடம் ஓடினார். என்ன செய்வது என்று கேட்டார். அவருக்கும் வழி தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் மறுபடி காலடிச் சத்தம். அந்த வாலிபர்தான் மனம் மாறி வந்துவிட்டார் என்று நினைத்து ஐடா ஓடினார். வந்தவர் வேறு. ஒரு முஸ்லிம். அவருடைய மனைவிக்கும் அதே கஷ்டம். அவரிடமும் தகப்பனாரைக் கூட்டிப் போகச் சொன்னார். கோஷா முறையில் இருக்கும் பெண்ணின் முகத்தைக் குடும்பத்தைச் சேராத ஆண் பார்க்கக் கூடாது என்று அவரும் திரும்பிவிட்டார்.

மூன்றாவது தடவையும் கதவு தட்டப்பட்டது. இவர் மேல்சாதி இந்து. கேட்டதும் அதே கேள்வி, போனதும் அதே வழி.

மூன்று பேரும் கெட்டவர்கள் அல்ல. மனைவியின் மேல் அன்பு இல்லாதவர் நடுராத்திரியில் வெள்ளைக்காரர் பங்களாவின் கதவைத் தட்டுவாரா? வழக்கம் அவர்கள் கையைக் கட்டியிருந்தது. ஒரு பெண் டாக்டர் அந்த ஊரில் இருந்திருந்தால் மூவரும் சந்தோஷமாகக் கூட்டிப் போயிருப்பார்கள்.

அன்று ஐடாவுக்குத் தூக்கம் வரவில்லை. விடிந்தபோது சாவு மேளம் கேட்டது. வேலைக்காரரை அனுப்பி விசாரித்தார். மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது.

ஐடா தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நெடுநேரம் ஜபம் செய்தார். வெளியே வந்து, தான் அமெரிக்காவுக்குப் போய் டாக்டருக்குப் படித்துவிட்டு இங்கேயே திரும்பி வரப் போவதாகத் தாய் தகப்பனாரிடம் சொன்னார்.

அந்தக் காலத்தில் இந்தியாவில் பெண் டாக்டரே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. ஐடா பிறந்த அதே 1870-ல் கிளாரா ஸ்வெயின் என்ற அமெரிக்கப் பெண் டாக்டர் வடக்கே பரேலிக்கு வந்துவிட்டார். சென்னை மருத்துவக் கல்லூரி 1875-லேயே பெண்களைச் சேர்த்தது. அதில் படித்த மேரி ஷார்லீப் அம்மையார் கோஷாப் பெண்களுக்காக 1885-ல் சென்னையில் தனி ஆஸ்பத்திரி கண்டார். அதே வருஷம் வைசிராயின் மனைவி டப்ரின் சீமாட்டி, இந்தியப் பெண்களுக்குப் பெண்களே வைத்தியம் செய்ய ஒரு நிதியைத் தொடங்கினார். ஆனால் இவை எல்லாம் பட்டணத்துச் சங்கதி. திண்டிவனத்துக்கும் வேலூருக்கும் குடியாத்தத்துக்கும் யார் வருவார்கள்?

பதினாயிரம் டாலர்

1895-ல் ஐடா பிலடெல்பியாவில் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். நம் நாட்டு ஆனந்திபாய் ஜோஷி 1886-ல் டாக்டர் பட்டம் பெற்றது அதே கல்லூரியில்தான். பாவம், ஊர் திரும்பிய சில மாதங்களில் 1887-ல் அந்தப் பெண் இறந்துபோனார். நியூயார்க்கில் கார்னெல் மருத்துவக் கல்லூரி தொடங்கிப் பெண்களையும் சேர்த்துக்கொண்டபோது ஐடா அங்கே மாறினார். 1899-ல் டாக்டர் ஆனார்.

வேலூரில் பெண்களுக்கு ஓர் ஆஸ்பத்திரி கட்ட 8,000 டாலர் திரட்டிக்கொண்டு வரும்படி மிஷன் அவருக்குச் சொல்லியிருந்தது. கப்பலேற நாள் நெருங்கிவிட்டது. கையில் பணம் சேரவில்லை. நியூயார்க்கில் ஒரு பணக்கார அம்மாளின் வீட்டுக்குப் போய், திண்டிவனத்து இரவைப் பற்றி எடுத்துச் சொன்னார். பக்கத்து அறையில் வயதான ஒருவர் உட்கார்ந்து இதை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் ராபர்ட் ஷெல் என்ற பாங்குக்காரர். மறுபடி வரச் சொல்லி, பதினாயிரம் டாலர் கொடுத்தார். காலம் சென்ற தன் மனைவி மேரி டேபர் ஷெல்லின் பெயரை ஆஸ்பத்திரிக்கு வைக்க வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. கணவர் மனைவிக்காகக் கொடுத்த பணம், கணவர்களால் காப்பாற்ற முடியாத மனைவிகளுக்கு உதவ வந்தது.

ஆனி ஹான்காக் என்ற தோழியோடு ஐடா கப்பலேறினார். 1900-ம் ஆண்டு ஜனவரி முதல் தேதி இந்தியக் கரையில் இறங்கினார். வயது 29.

அப்பாவின் பக்கத்தில் இருந்து தொழில் பழகலாம் என்பது அவருடைய எண்ணம். அந்த மே மாதமே தகப்பனார் இறந்துவிட்டார். அனுபவம் இல்லாத இளம் டாக்டர் வேலூர்ப் பங்களாவில் தனியாக நின்றார். ஒரு சிறிய அறை. ஒரே ஒரு கட்டில். அதுதான் ஆஸ்பத்திரி. முதலில் ஜனங்கள் வரவில்லை. பெண்ணாவது, டாக்டராவது என்று நினைத்தார்கள். முதல் ஆபரேஷனைச் செய்தபோது உதவிக்கு நின்றவர் வீட்டுப் பட்லரின் மனைவி ஒருவர்தான். அப்புறம் ஒவ்வொருவராக வந்தார்கள். இரண்டு வருஷத்தில் 5,000 பேருக்கு வைத்தியம் நடந்தது. 1902-ல் 40 படுக்கைகளோடு ஷெல் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது.

வந்த பிரசவ நோயாளிகளின் நிலைதான் அவரை வாட்டியது. முதல் நாள் மருத்துவச்சி. இரண்டாம் நாள் மந்திரம். மூன்றாம் நாள் மாட்டு வண்டி. வண்டி வேலூருக்கு வரும்போது வயிற்றில் குழந்தை செத்திருக்கும். ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுத்துத் தாயை மட்டுமாவது காப்பாற்ற முடிந்தால் அதுவே பெரிது. ஒரு நாள் முன்னால் வந்திருந்தால் இரண்டு உயிரும் மிஞ்சியிருக்கும் என்று சொல்ல வேண்டிய கேஸ்கள் பல.

புளியமரத்தடி வைத்தியம்

அவர்கள் வராவிட்டால் நாம் போவோம் என்று ஐடா தீர்மானித்தார். 1906 முதல் வாரம் ஒரு நாள் வேலூரிலிருந்து குடியாத்தம் சாலையில் புறப்பட்டார். வழியில் சாலையோர மரத்தடிகளில் வண்டியை நிறுத்தி வைத்தியம் பார்ப்பார். முதலில் மாட்டு வண்டி. 1909-ல் பெழோ என்ற பிரெஞ்சு மோட்டார் வண்டி வந்தது. ஒற்றை சிலிண்டர் வண்டி. அது தடதடவென்று புகை கக்கிக்கொண்டு வந்ததைக் கண்டு, பிசாசு வருகிறது என்று ஜனங்கள் வயலுக்குள் ஓடினார்கள். சில மாதங்களில் அதே ஜனங்கள் காலை முதல் மரத்தடியில் அந்தப் பிசாசுக்காகக் காத்துக் கிடந்தார்கள்!

நெசவுக்காரர் வந்தார்கள். ஆவாரம்பட்டை ஊறும் தொட்டிகளில் தோல் பதனிட்ட கூலிக்காரர்கள் வந்தார்கள். சிரங்கு, கண்நோய், குஷ்டம், புண் எல்லாம் வந்தன. கைக்குழந்தையோடு தாய்மார்களும், வயிற்றுப் பிள்ளையோடு பெண்களும் வந்தார்கள். ஐடா எதிர்பார்த்ததும் அதைத்தான். வலி கண்ட பிறகு ஓடி வருவதைவிட, வலிக்கு முன்னால் ஒரு தடவை வந்து காட்டிவிட்டால் பாதி ஆபத்து தீர்ந்தது. கால் வீங்கி, தலை வலித்து, கண் மங்குகிறதா? ரத்தம் படுகிறதா? குழந்தையின் தலை கீழே இருக்கிறதா? இவை முன்னால் தெரிந்தால் பிரசவத்தை எங்கே வைத்துக்கொள்வது, யார் பார்ப்பது என்று வீட்டார் நிதானமாகத் தீர்மானிக்கலாம்.

ஆனால் ஒரு டாக்டர் எத்தனை வீட்டுக்குப் போக முடியும்? ஊர் ஊருக்குத் தேர்ச்சி பெற்ற பெண்கள் வேண்டும். அந்தப் பெண்கள் இந்த மண்ணின் பெண்களாக இருக்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து எத்தனை பேரைக் கொண்டு வந்தாலும் தீராத வேலை இது என்பது ஐடாவுக்குச் சீக்கிரமே புரிந்தது. அவர் செய்தவற்றில் மிகப் பெரியது இந்த யோசனைதான். கட்டிய கட்டடங்கள் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

1909-ல் நர்சுப் பள்ளிக்கூடம் தொடங்கினார். டெலியா ஹவுட்டன் என்ற அமெரிக்க நர்சு அதை நடத்தினார். நர்சு வேலை அன்று மதிப்பான வேலை அல்ல. அந்நியர் உடம்பைத் தொடுவது, ரத்தமும் மலமும் அலசுவது, ராத்திரியில் விழித்திருப்பது, இவை எல்லாம் குடும்பப் பெண்ணுக்கு ஆகாது என்று சொன்னார்கள். பெரும்பாலும் கிறிஸ்தவக் குடும்பங்களே முதலில் பெண்களை அனுப்பின. வெந்நீரில் கொதித்த கத்தரிக்கோல், சோப்புப் போட்டுக் கழுவிய கை, வெயிலில் உலர்ந்த சுத்தத் துணி. இந்த மூன்றையும் அந்தப் பெண்கள் வீடு வீடாகக் கொண்டு போனார்கள். மருந்தைவிட அதிக உயிரை இவை காப்பாற்றின என்றால் மிகை அல்ல.

பிற்பாடு சர்க்காரும் விழித்துக்கொண்டது. 1926-ல் சென்னை ராஜதானியில் நர்சுகளையும் மருத்துவச்சிகளையும் பதிவு செய்ய ஒரு சட்டம் வந்தது. பிரசவத்துக்கு வருகிறவர் படித்துத் தேறியவரா, பதிவானவரா என்று கேட்பதற்கு அப்போதுதான் ஒரு வழி பிறந்தது.

மூன்று பேரும் வர மாட்டார்கள்!

நர்சு மட்டும் போதாது, டாக்டரும் வேண்டும். பெண்களுக்கென்று வேலூரில் ஒரு மருத்துவப் பள்ளி தொடங்க ஐடா அனுமதி கேட்டார். ராஜதானியின் மருத்துவத் துறைத் தலைவராக இருந்த கர்னல் பிரைசன் சிரித்தார். மூன்று பெண்கள் விண்ணப்பித்தாலே அதிகம் என்றார். ஆறு பேர் சேர்ந்தால் நடத்திக்கொள்ளலாம் என்று அனுமதி தந்தார்.

வந்த விண்ணப்பங்கள் 151!

1918-ம் ஆண்டு ஆகஸ்டு 12-ந் தேதி கவர்னர் பென்ட்லண்ட் பிரபு பள்ளியைத் திறந்து வைத்தார். யுத்தம் முடியாத காலம். சொந்தக் கட்டடம் இல்லை. ஆசிரியர் இல்லை. ஐடாவே பாடம் நடத்தினார், ஆஸ்பத்திரியையும் பார்த்தார், ராத்திரிப் பிரசவத்துக்கும் எழுந்து ஓடினார். ஆண்கள் படித்த பள்ளிகளிலேயே பரீட்சையில் தேறுகிறவர் கொஞ்சம்தான், இந்தப் பெண்கள் தேறாவிட்டால் மனம் உடைய வேண்டாம் என்று பிரைசன் முன்கூட்டியே ஆறுதல் சொல்லி வைத்தார். பரீட்சை நடந்தது. எழுதிய 14 பெண்களும் தேறினார்கள். 1922-ல் முதல் கோஷ்டி டாக்டர்களாக வெளியே வந்தது. எல்.எம்.பி. பட்டம். நம் நாட்டுப் பெண்கள். பிரசவ அறைக்குள் எந்தக் கணவரும் தடுக்க முடியாத டாக்டர்கள்.

அதன் பிறகு எல்லாம் வேகமாக வளர்ந்தது. 1924-ல் வேலூர் நகரத்தின் நடுவே பெரிய ஆஸ்பத்திரி எழுந்தது. பழைய ஷெல் கட்டடம் பிற்காலத்தில் கண் ஆஸ்பத்திரி ஆயிற்று. பாகாயத்தில் மலையடிவாரத்தில் கல்லூரி கட்டி 1932-ல் திறந்தார்கள்.

ஐடா அம்மையாருக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதற்காகச் சோகமே உருவான பெண் என்று கற்பனை செய்ய வேண்டாம். நன்றாகச் சிரிப்பார். கோபமும் வரும். அறுபது வயது தாண்டியும் கோடைக்கானலில் இளவட்டங்களோடு டென்னிஸ் ஆடி ஜெயிப்பார்.

முதுமையில் வந்த சோதனை

1938-ல் இடி விழுந்தாற்போல் ஒரு உத்தரவு வந்தது. எல்.எம்.பி. படிப்பு இனி வேண்டாம். டாக்டர் என்றால் சர்வகலாசாலைப் பட்டம் பெற்ற எம்.பி.பி.எஸ். டாக்டராகவே இருக்க வேண்டும் என்று சென்னை சர்க்கார் தீர்மானித்தது. யோசித்துப் பார்த்தால் அந்த உத்தரவில் நியாயம் இருந்தது. ஏழைகளுக்கு மட்டும் அரைப் படிப்பு டாக்டர் போதுமா? ஆனால் வேலூருக்கு அது உயிர்ப் பிரச்சினை. நிறையப் படுக்கைகள் வேண்டும். உயர்பட்டம் பெற்ற பேராசிரியர்கள் வேண்டும். லட்சக்கணக்கில் பணம் வேண்டும். இல்லாவிட்டால் மூட வேண்டும்.

அம்மையாருக்கு அப்போது 67 வயது. ஓய்வு பெற வேண்டிய வயதில் மறுபடி பிச்சைப் பாத்திரத்தை எடுத்தார். 1941-ல், உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது, அமெரிக்காவுக்குப் போய் ஊர் ஊராகப் பேசினார், வருஷக்கணக்கில் அலைந்தார். 1942-ல் எம்.பி.பி.எஸ். வகுப்பு தொடங்கியது. பெண்களுக்கு மட்டும் என்று தொடங்கிய கல்லூரியில் ஆண்களையும் சேர்ப்பதா என்று பெரிய விவாதம் எழுந்தது. பெண்களுக்காகவே பணம் கொடுத்த அமெரிக்கத் தாய்மார்களில் சிலர், இது வாக்குத் தவறுவது ஆகும் என்று வருத்தப்பட்டார்கள். நெடுநாள் தோழிகளோடு மனஸ்தாபம் ஏற்பட்டது. கல்லூரி பிழைக்க வேண்டும் என்று அம்மையார் அதற்கு இணங்கினார். 1947 முதல் ஆண்களும் சேர்ந்தார்கள்.

1946-ல் நர்சுப் பள்ளி பி.எஸ்ஸி. பட்டம் தரும் கல்லூரியாக உயர்ந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு கல்லூரிக்கும் ஆஸ்பத்திரிக்கும் முதல் இந்தியத் தலைவர் வந்தார். விசாகப்பட்டினத்தில் பிறந்த டாக்டர் ஹில்டா லாசரஸ் அம்மையார் அவர். பிரசவ வைத்தியத்தில் நாடறிந்த நிபுணர். ஐடாவின் நாற்காலியில் ஓர் இந்தியப் பெண் டாக்டர் அமர்ந்தார். அவரும் பிரசவ டாக்டராகவே அமைந்தார்.

ஐடா அம்மையார் ஓய்வு பெற்றுக் கோடைக்கானலில் வசித்தார். டாக்டர் ஐடா, இந்தியா என்று மட்டும் விலாசம் எழுதிய கடிதம்கூட அவர் கைக்குச் சரியாக வந்து சேர்ந்தது என்பார்கள். தபால்காரருக்கு அது போதுமானதாக இருந்தது! 1960-ம் ஆண்டு மே மாதம் 24-ந் தேதி அங்கேயே காலமானார். வயது 89.

அவர் காலத்தில் பிரசவ அறையில் இருந்த எதிரிகள் ஒவ்வொன்றாகத் தோற்றன. கர்ப்பிணிகளுக்கு ரண ஜன்னித் தடுப்பூசி வந்தது. தாய்க்கும் பச்சைக் குழந்தைக்கும் வரும் ரண ஜன்னியை இந்தியா ஒழித்துவிட்டதாக உலகச் சுகாதார நிறுவனம் 2015-ல் அறிவித்தது. பெண்களின் கல்யாண வயது சட்டப்படி 1978-ல் 18 ஆயிற்று. கிராமத்துக்குக் கிராமம் சுகாதார நர்சு வந்தார். 2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் 99-க்கு மேல் ஆஸ்பத்திரிகளிலேயே நடக்கின்றன.

ராணிப்பேட்டை 2019-ல் தனி மாவட்டம் ஆனது. வேலூர் சி.எம்.சி. 2022-ல் அந்த மாவட்டத்தில் ஒரு புதிய வளாகத்தைத் திறந்தது. சென்னை–பெங்களூர் சாலையில் போகிற பஸ்ஸிலிருந்தே அதைப் பார்க்கலாம். சைலஸ் ஸ்கடரின் பழைய ஆஸ்பத்திரியும் அதே ராணிப்பேட்டையில்தான் இருக்கிறது.